டிஸ்க் ஆபரேஷன்: துளையின் அளவைப் பிறகு பார்க்கலாம்

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. தம்பிக்கு 34 வயது, மெடிக்கல் ரெப், பகல் முழுக்க பைக்கில் சுற்றும் வேலை. இரண்டு மாதமாக இடது பிட்டத்தில் தொடங்கி கெண்டைக்கால் வழியாகக் குதிகால் வரை வலி. எம்.ஆர்.ஐ.யில் எல்5-எஸ்1 டிஸ்க் (முதுகெலும்பின் அடியில், கடைசி இடுப்பு முள்ளெலும்புக்குக் கீழே இருக்கும் ஜவ்வு) பிதுங்கி வெளியே வந்திருக்கிறது, ரிப்போர்ட்டில் 'எக்ஸ்ட்ரூஷன்' என்று இருக்கிறது. ஓர் ஆஸ்பத்திரியில் "எண்டோஸ்கோப் (கேமரா வைத்த மெல்லிய குழாய்), 8 மில்லிமீட்டர் துளை, லேசர், மறுநாள் வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்கள். இன்னொரு டாக்டர் "மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்வதே போதும்" என்கிறார். அம்மாவோ "முதுகுல கத்தி வச்சா கால் விழுந்துரும், எண்ணெய்க் கட்டு போடலாம்" என்கிறார். இதில் யார் சொல்வதைக் கேட்பது?

நான் முதுகெலும்பு ஆபரேஷன்களுக்கு மயக்கம் கொடுக்கும் டாக்டர். கத்தி பிடிப்பவன் இல்லை என்பதால் எந்த முறையின் மீதும் எனக்குத் தனிப் பாசம் கிடையாது. எல்லா முறையையும் நோயாளியின் தலைமாட்டில் இருந்து பார்த்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் தெரிவது இதுதான்: தோலில் போடும் துளை 8 மில்லிமீட்டரா, 25 மில்லிமீட்டரா என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வலிக்குக் காரணம் அந்த டிஸ்க்தானா, காலம் கொடுத்தால் தானாக அடங்குமா, ஆபரேஷன் என்றால் யார் கையில் என்ற மூன்றும் அதற்கு முன்னால் வருகின்றன. விளம்பரங்கள் கடைசிக் கேள்வியை மட்டும் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

மற்றதைப் பேசும் முன் அவசரத்தைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் முட்டியும் வெளியே வராமல் போனாலோ, போவதே தெரியாமல் போனாலோ, சைக்கிள் சீட் படும் இடமெல்லாம் மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் தளர்ந்தாலோ, இதைப் படித்துக்கொண்டிருக்காமல் நியூரோ சர்ஜரி இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே, அந்த மணி நேரமே போக வேண்டும். பெரிய டிஸ்க் துண்டு அத்தனை நரம்பு வேர்களையும் சேர்த்து நசுக்குகிறது என்று அர்த்தம். நாள் கடந்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். அங்கே பெரிதாகத் திறந்து செய்தாலும் சரி, துளை எவ்வளவு என்று யாரும் கேட்கக் கூடாது.

உங்கள் தம்பிக்கு அப்படி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அடுத்து காலின் பலம். எல்5-எஸ்1 டிஸ்க் வழக்கமாக அழுத்துவது எஸ்1 நரம்பு வேரை. அது கெண்டைக்கால் தசைக்குப் போகிறது, சுண்டுவிரல் பக்கத் தோலின் உணர்ச்சியும் அதனுடையதே. சுவரில் விரல் வைத்துக்கொண்டு இடது காலில் மட்டும் நின்று, குதிகாலைப் பத்து முறை உயர்த்தச் சொல்லுங்கள். பிறகு வலது காலில். இடது நான்காவது ஐந்தாவதிலேயே சோர்ந்துவிட்டால் அது வலியால் வந்த தயக்கமா, உண்மையான பலவீனமா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும். (ஒரு படி மேலே, எல்4-எல்5 டிஸ்க் என்றால் கட்டைவிரலையும் பாதத்தையும் மேலே தூக்குவதுதான் போகும். செருப்பு தானாகக் கழன்று விழுகிறது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள்.) வாரத்துக்கு வாரம் பலம் குறைகிறது என்றால் காத்திருக்கச் சொல்லும் என் கட்சி அத்தோடு முடிந்தது.

இனி அந்த ரிப்போர்ட். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் படித்துப் பயப்படாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் முதுகுவலியே இல்லாதவர்களைப் படம் எடுத்த 33 ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள், மொத்தம் 3,110 பேர். 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. 40 வயதில் 50, 80 வயதில் 84. ஒருவருக்கும் வலியில்லை. ஆகவே படத்தில் பல்ஜ் இருப்பதாலேயே வலி அதனால்தான் என்று ஆகிவிடாது. கால் வலி போகும் பாதை, மரத்துப்போன இடம், படத்தில் அழுத்தம் தெரியும் பக்கம் மூன்றும் ஒத்துப்போனால்தான் ஆபரேஷன் பேச்சே. தம்பிக்கு இடது பக்க எஸ்1 வலி, படத்திலும் இடது பக்கம் எஸ்1 மேல் அழுத்தம் என்றால் பொருந்துகிறது. கால் வலியே இல்லாமல் இடுப்பு மட்டும் வலிக்கும் ஒருவருக்கு இதே படத்தைக் காட்டி இதே ஆபரேஷனைச் செய்தால் வலி அப்படியே இருக்கும். இது கால் வலிக்கான ஆபரேஷன், முதுகு வலிக்கானது அல்ல.

ரிப்போர்ட்டில் வரும் நான்கு சொற்களில் பல்ஜ் என்பது டிஸ்க்கின் விளிம்பு சும்மா உப்பியிருப்பது, புரோட்ரூஷன் ஒரு பக்கமாகத் துருத்துவது, எக்ஸ்ட்ரூஷன் உள்ளிருக்கும் பொருள் வெளி வளையத்தைத் தாண்டி வந்துவிட்டது, சீக்வெஸ்ட்ரேஷன் துண்டாகவே கழன்றுவிட்டது. கேட்கக் கேட்க பயங்கரமாகத்தான் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், படம் எவ்வளவு மோசமோ தானாகச் சுருங்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். 2015இல் வந்த இன்னொரு தொகுப்பின்படி கழன்ற துண்டுகளில் 96 சதவீதமும், எக்ஸ்ட்ரூஷனில் 70 சதவீதமும், வெறும் பல்ஜில் 13 சதவீதமும் ஆபரேஷன் இல்லாமலே சுருங்கின. வெளியே வந்த பொருளை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்க்கிறது, ரத்தக்குழாய்கள் அதைச் சுற்றி முளைக்கின்றன, வெள்ளணுக்கள் மெல்லத் தின்று தீர்க்கின்றன. உள்ளேயே இருக்கும் பல்ஜுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

எல்லாத் துண்டும் ஒரே வேகத்தில் கரையாது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் 181 நோயாளிகளை ஆராய்ந்து, 2013இல் முதுகெலும்புத் துறையின் பெரிய சர்வதேசப் பரிசுகளில் ஒன்றை வாங்கினார்கள். டிஸ்க்கின் வெளி வளையம் கிழிந்துதான் ஜவ்வு பிதுங்குகிறது என்றே பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. இவர்கள் பார்த்ததில் சுமார் 65 சதவீதம் பேருக்கு, டிஸ்க் எலும்போடு ஒட்டியிருக்கும் இடமே பிய்ந்திருந்தது. அப்படிப் பிய்யும்போது குருத்தெலும்பும் சேர்ந்து வந்தால், அந்தத் துண்டு கரைவது மந்தம். ஆகவே 70 சதவீதம் என்பது தம்பிக்குக் கொடுத்த வாக்குறுதி இல்லை.

சரி, காத்திருப்பவரும் ஆபரேஷன் செய்துகொண்டவரும் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறார்கள்? நெதர்லாந்தில் 2007இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல பதில். 6 முதல் 12 வாரம் கடும் கால்வலியில் இருந்த 283 பேர், அதாவது கிட்டத்தட்ட உங்கள் தம்பி இருக்கும் அதே கட்டம். பாதிப் பேருக்குச் சீக்கிரம் ஆபரேஷன், மீதிப் பேர் பொறுத்துப் பார்ப்பது என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஆபரேஷன் பக்கம் பாதிப் பேர் நான்கு வாரத்தில் தேறினார்கள், பொறுத்த பக்கம் அதற்குப் பன்னிரண்டு வாரம் ஆனது. பொறுத்தவர்களில் 39 சதவீதம் பேர் தாங்க முடியாமல் பின்னால் ஆபரேஷனுக்கு வந்தார்கள். ஆனால் ஒரு வருடம் முடிந்தபோது இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறிவிட்டதாகச் சொன்னார்கள்.

இதை நான் படிக்கும் விதம்: பலவீனம் இல்லாத ஒருவருக்கு இந்த ஆபரேஷன் வாங்கித் தருவது காலத்தை. சில மாத வலியைக் குறைத்துத் தருகிறது. தினக்கூலிக்காரருக்கும், பைக் ஓட்டாவிட்டால் டார்கெட் போய்விடும் ரெப்புக்கும் சில மாதம் என்பது சின்ன விஷயம் இல்லை. அதனால் "தானாகச் சரியாகிவிடும்" என்று எளிதாகச் சொல்லி அனுப்புவதும் நியாயம் இல்லை. அதோடு, காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கனடாவில் 2020இல் வந்த ஆய்வில் 4 முதல் 12 மாதம் வரை வலி நீடித்துவிட்டவர்களை எடுத்தார்கள். அவர்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆறு மாதத்தில் தெளிவாக நன்றாக இருந்தார்கள். நாலைந்து மாதம் பார்த்தும் குறையாத கால் வலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

துளை சின்னதான கதை நீளமானது. பிதுங்கிய டிஸ்க்தான் கால் வலிக்குக் காரணம் என்று பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் 1934இல் எழுதினார்கள். அப்போது முதுகைத் திறப்பது பெரிய வேலை. 1977இல் யாசர்கில், காஸ்பர் என்ற சர்ஜன்கள் இருவரும் தனித்தனியாக மைக்ரோஸ்கோப்பைக் கொண்டுவந்தார்கள், வெட்டு ஓர் அங்குலத்துக்குச் சுருங்கியது. 1997இல் ஃபோலியும் ஸ்மித்தும் தசையை வெட்டாமல் விலக்கி, குழாய் வழியே செய்யும் முறையை வெளியிட்டார்கள். பக்கவாட்டில் நரம்பு வேருக்கும் எலும்புக்கும் நடுவே பாதுகாப்பாக நுழையக்கூடிய ஒரு முக்கோண இடைவெளியைக் காம்பின் என்ற சர்ஜன் வரையறுத்துக் கொடுத்தார். இன்றைய எண்டோஸ்கோப் அதன் வழியேதான் போகிறது. நடுவில் கத்தியே இல்லாத ஒரு முறையும் வந்துபோனது. பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த கைமோபப்பைன் என்ற நொதியை ஊசியால் டிஸ்க்குக்குள் செலுத்தி ஜவ்வைக் கரைப்பது. 1964இல் தொடங்கியது, 1982இல் அமெரிக்க அரசே அனுமதித்தது. சிலருக்கு உயிருக்கே ஆபத்தான அலர்ஜி வந்தது. என் தொழிலில் அந்த வார்த்தைக்கே வயிற்றைக் கலக்கும். 2003இல் அங்கே விற்பனை நின்றது. முதுகு வைத்தியத்தில் 'கத்தியில்லா அதிசயம்' என்று எது வந்தாலும் எனக்கு அந்தப் பப்பாளி ஞாபகம் வருகிறது.

இன்று தம்பிக்குச் சொல்லப்பட்ட இரண்டும் உள்ளே செய்வது ஒரே வேலைதான். டிஸ்க் முழுவதையும் எடுப்பதில்லை, நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுக்கிறார்கள். வெந்த நண்டுச் சதை போல வெள்ளையாக, நார் நாராக வெளியே வரும். சில சமயம் சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். இதற்கா இத்தனை பாடு என்று தோன்றும்.

மைக்ரோ முறையில் முழு மயக்கமோ முதுகில் ஊசியோ கொடுத்துக் குப்புறப் படுக்க வைப்போம். மார்புக்கும் இடுப்புக்கும் தலையணை கொடுத்து வயிறு காற்றில் தொங்க வேண்டும். வயிறு மேஜையில் அழுந்தினால் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரை ரத்தக்குழாய்கள் புடைத்து, சின்னத் துளைக்குள் ரத்தம் குளம் கட்டிவிடும், சர்ஜன் திணறுவார். கண் அழுந்தவில்லையா என்று மயக்க டாக்டர் திரும்பத் திரும்பக் குனிந்து பார்ப்பார். எக்ஸ்ரே வைத்து எந்த டிஸ்க் என்று எண்ணி உறுதி செய்த பிறகு இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் வெட்டு. தசையை ஒதுக்கி, எலும்பின் ஓரத்தைக் கொஞ்சம் செதுக்கி, நரம்பு வேரை மெல்ல நகர்த்தித் துண்டை எடுப்பார்கள்.

எண்டோஸ்கோப்பில் இரண்டு வழி. பக்கவாட்டிலிருந்து காம்பின் முக்கோணம் வழியாக ஒன்று, பின்னால் இரண்டு எலும்பு வளைவுகளுக்கு இடையே ஒன்று. பக்கவாட்டு வழியில் பெரும்பாலும் முழு மயக்கம் கிடையாது. தோலை மரக்கச் செய்து, லேசான அரைத்தூக்கம் கொடுத்து, நோயாளியோடு பேசிக்கொண்டே இருப்போம். இடைஞ்சல் மாதிரி தெரிந்தாலும் அந்தப் பேச்சுதான் பாதுகாப்பு. "கால்ல சுர்ருன்னு இழுக்குது சார்" என்று அவர் சொன்ன நொடியில் சர்ஜன் கையை நிறுத்துவார், கருவி நரம்புக்கு அருகில் போய்விட்டது. உப்புநீர் ஓடிக்கொண்டே இருப்பதால் திரையில் எல்லாம் தெளிவாகத் தெரியும். துண்டு வெளியே வந்ததும் நரம்பு வேர் இதயத் துடிப்போடு மெல்லத் துடிப்பதை அந்தத் திரையில் பார்க்கலாம். சிலர் அப்போதே "வலி விட்ட மாதிரி இருக்கு" என்பார்கள். "கழுத்து வலிக்குது" என்று யாராவது சொன்னால் மட்டும் நான் உஷாராகிவிடுவேன். உள்ளே தண்ணீரின் அழுத்தம் ஏறிவிட்டது என்று அர்த்தம், பம்பைக் குறைக்கச் சொல்வேன்.

எல்5-எஸ்1க்கு ஒரு சிக்கல் உண்டு. அந்த இடத்தில் இடுப்பெலும்பின் விளிம்பு உயரமாக இருந்தால் பக்கவாட்டு வழி அடைபட்டுவிடும். அப்போது பின்வழிதான் சரி. தம்பியின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பேச்சைப் பேசினார்களா என்று கேளுங்கள்.

எது மேல்? குழாய் முறையையும் வழக்கமான மைக்ரோ முறையையும் 328 பேரில் ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வு 2009இல் வந்தது. குழாய் முறை மேலாக இல்லை, ஒரு வருட முடிவில் வழக்கமான முறையினர் சற்று நன்றாகவே இருந்தார்கள். துளை சின்னது என்பதாலேயே முடிவும் நல்லது என்று நம்பியவர்களுக்கு அது குட்டு. பக்கவாட்டு எண்டோஸ்கோப்பை மைக்ரோ முறையோடு 613 பேரில் ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வு 2022இல் வந்தது. அதில் எண்டோஸ்கோப் எந்த விதத்திலும் சளைக்கவில்லை. கால் வலியில் ஒரு சிறு கூடுதல் பலன்கூட இருந்தது, ஆனால் அன்றாட வாழ்வில் உணரும் அளவுக்கு இல்லை. எண்டோஸ்கோப்பில் தசைக் காயம் குறைவு, ஆஸ்பத்திரி வாசம் குறைவு. கை பழக மட்டும் நீண்ட காலம் ஆகும். பழகாத கையில் துண்டின் மிச்சம் உள்ளேயே தங்கிவிடலாம், பக்கவழியில் வெளியேறும் நரம்பு உரசி காலில் எரிச்சல் வரலாம். நல்ல மைக்ரோ சர்ஜனை விட்டுவிட்டு, புதிதாக எண்டோஸ்கோப் வாங்கியவரிடம் போவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

'லேசர்' பற்றி ஒரு வார்த்தை. எண்டோஸ்கோப்பில் துண்டை எடுப்பது சின்ன இடுக்கி. லேசர் இருந்தாலும் துணைக்கருவிதான். ஊசி வழியே லேசர் விட்டு டிஸ்க்கின் உட்பகுதியைப் பொசுக்குவது வேறு சிகிச்சை. வெளியே வந்துவிட்ட எக்ஸ்ட்ரூஷனுக்கு அது பொருந்தாது. அந்த ஆஸ்பத்திரி இரண்டில் எதைச் சொல்கிறது என்று தெளிவாகக் கேளுங்கள். இன்னொன்று, முதல்முறை டிஸ்க் பிதுங்கிய 34 வயதுக்காரருக்கு எலும்பு நழுவல் எதுவும் இல்லாமல் ஸ்க்ரூ, பிளேட் என்று யாராவது ஆரம்பித்தால் மறுபேச்சு இல்லாமல் வேறு டாக்டரைப் பாருங்கள்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன், அதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனால் தண்டுவடம் பெரியவர்களுக்கு எல்1, எல்2 எலும்பின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. எல்5-எஸ்1 அதற்கு வெகு கீழே, அங்கே தொங்குவது தனித்தனி நரம்பு வேர்கள். இரண்டு காலும் விழுந்துபோவது அங்கே மிக மிக அரிது. நடக்கக்கூடிய கோளாறுகள் வேறு: நரம்பைச் சுற்றிய உறை கிழிந்து தண்டுவட நீர் கசிவது, கிருமித் தொற்று, தவறான டிஸ்க்கைத் திறப்பது, ஒரு வேருக்குக் காயம். எல்லாவற்றையும் விட அதிகம் நடப்பது மறுபடி பிதுங்குவது, அதே இடத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு. சர்ஜன் இதைச் சொல்லாமல் 'நூறு சதவீதம்' என்றால் அந்தப் பேச்சைத்தான் நான் சந்தேகிப்பேன். எண்ணெய் தடவி வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதில் கெடுதல் இல்லை, இதமாக இருக்கும். குப்புறப் போட்டு இடுப்பைத் திருகுவது, கால் வைத்து மிதிப்பது மட்டும் எக்ஸ்ட்ரூஷன் இருக்கும்போது கூடவே கூடாது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அதுவரை என்ன செய்வது? படுத்தே கிடக்க வேண்டாம், ஓரிரண்டு நாளுக்கு மேல் படுக்கை நன்மை செய்யாது. தாங்கும் அளவுக்கு நடக்கலாம், பைக்கை இப்போதைக்கு நிறுத்த வேண்டும், சாம்பிள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி ஏறுவதும் கூடாது. நம் ஊரில் டிஸ்க் சீட்டு என்றால் ப்ரீகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை இல்லாமல் இருக்காது. தம்பியே அதை விற்கக்கூடும். ஆஸ்திரேலியாவில் 2017இல் வந்த ஆய்வில், டிஸ்க் கால் வலிக்கு அது வெற்று மாத்திரையை விட மேலாக இல்லை, தலைச்சுற்றல்தான் அதிகம். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்கட்டும். தூக்கமே இல்லாத வலி என்றால் நரம்பு வேரைச் சுற்றி ஸ்டீராய்டு ஊசி ஒன்று உண்டு. நிரந்தரத் தீர்வு இல்லை, ஆனால் சில வாரங்கள் வாங்கித் தரும், அதற்குள் துண்டே சுருங்கலாம்.

ஆபரேஷன் ஆகிவிட்டால் அன்றே நடக்க வைப்பார்கள். கால் வலி முதலில் போகும், மரமரப்பு கடைசியில் போகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கியும் விடும். அதை வைத்து ஆபரேஷன் தோற்றது என்று நினைக்கக் கூடாது. உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் போகலாம். குனிந்து கனம் தூக்குவதும் பள்ளம் மேடான ரோட்டில் பைக்கும் ஆறு வாரத்துக்கு வேண்டாம். சிகரெட் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டால்தான் மறுபடி பிதுங்குவது குறையும்.

கால் பலம் சரியாக இருந்து, கடந்த இரண்டு வாரத்தில் வலி கொஞ்சமேனும் இறங்குமுகம் என்றால் இன்னும் நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கலாம் என்பேன். இறங்கவே இல்லை, இரவில் தூக்கம் இல்லை என்றால் ஆபரேஷன் நியாயமான முடிவு. அப்போது இரண்டு சர்ஜன்களிடமும் இவற்றையே கேளுங்கள்: இந்த முறையில் வாரத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், உங்கள் கையாலேயே செய்வீர்களா, எண்டோஸ்கோப்பில் துண்டு கிடைக்காவிட்டால் அதே மேஜையில் திறந்து செய்ய முடியுமா. பில்லில் எண்டோஸ்கோப் கருவிகளுக்குத் தனியாகப் போடுவது வழக்கம், இன்ஷூரன்ஸ் எவ்வளவு தரும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். போகும்போது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல் படத்தின் சிடியையும் கொண்டுபோங்கள். நல்ல சர்ஜன் தாளைப் புரட்டமாட்டார், படத்தைத்தான் கேட்பார்.